நீரடைப்பு: பேசக் கூசும் ஒரு சுரப்பியின் சரித்திரம்

மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் "விடுதி நினைவுகள் வேண்டாம் சார், அது போன மலரிலேயே நிறைய வந்துவிட்டது" என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார்கள். சரித்திரம் படித்தவன் என்பதால் சரித்திரமாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கோட்டை கொத்தளம், கவர்னர்கள், கல்வெட்டு எல்லாம் வேண்டாம். நம் வகுப்பில் பாதிப் பேர் எழுபதைத் தொட்டாயிற்று, மீதிப் பேர் தாண்டியாயிற்று. சென்ற கூட்டத்தில் மேடைப் பேச்சு நடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக நழுவிப் போனதும், ஒவ்வொருவரும் திரும்பிவர ஆன நேரமும் எல்லோரும் பார்த்ததுதான். அதைப் பற்றி எழுதினால் என்ன?

விஷயம் புராஸ்டேட் சுரப்பி. ஆணுக்கு மட்டும் உண்டு. மூத்திரப்பையின் வாயிலில், சிறுநீர்க் குழாயை மோதிரம் போலச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இளமையில் பெரிய நெல்லிக்காய் அளவு, 20 கிராம் எடை. விந்துவுக்கு வேண்டிய திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. நாற்பதுக்கு மேல் அது மெல்ல வளரத் தொடங்குகிறது. ஏன் வளர்கிறது என்றால், விரை சுரக்கும் ஹார்மோனும் வயதும்தான் காரணம். ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வளர்ச்சி இருக்கிறது. எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. தரும்போது நடுவில் ஓடும் குழாய் நெரிபடுகிறது.

கிரேக்க மொழியில் 'முன்னால் நிற்பது' என்று பொருள். இலங்கைத் தமிழர்கள் அதை அப்படியே 'முன்னிற்கும் சுரப்பி' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்தத் துணிச்சல் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். 1867இல் அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்', 1872இல் உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' என்று பெரிய பெரிய புத்தகங்களைத் தமிழில் அச்சிட்டார். நாம் இங்கே இன்னும் 'ப்ராப்ளம் கீழே' என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜாடை காட்டினாலும் நம் முன்னோர்களுக்கு வியாதி தெரியாமல் இல்லை. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் மூத்திராகாதம் என்று 12 வகை நீரடைப்புகள் வருகின்றன. அதில் வாதாஷ்டீலம் என்பது மலக்குடலுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே கல் போல் திரண்டு நின்று வழியை அடைக்கும் கட்டி. சுரப்பிக்குப் பெயர் வைக்காமலேயே அது நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சித்த வைத்தியத்தில் நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லும் வழக்கம். கல்லால் அடைத்தால் கல்லடைப்பு, சதை வளர்ந்து அடைத்தால் சதையடைப்பு. இவற்றுக்குக் கொடுத்த மூலிகைகள் ஒன்றும் இமயமலையிலிருந்து வந்தவை அல்ல. நெருஞ்சில், நீர்முள்ளி, மாவிலங்கம், சிறுபீளை. சிறுபீளை தெரியாதவர்கள் பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். காப்புக்கட்டு என்று வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் கூரையில் செருகுகிறோமே, வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி, அதேதான். நெருஞ்சிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சேலையூர்க் காட்டில் செருப்பில்லாமல் நடந்த ஒவ்வொருவன் காலிலும் குத்தியிருக்கிறது.

இந்த மூலிகைகள் நீரைப் பெருக்கும், எரிச்சலைத் தணிக்கும். ஆனால் அடைப்பு முற்றிவிட்டால் நீரைப் பெருக்குவது அணையின் மதகை மூடிவிட்டு ஏரிக்குத் தண்ணீர் விடுவது போலத்தான். அப்போது குழாய் ஒன்றே வழி. ஐரோப்பாவிலும் இதே கதிதான். 16ஆம் நூற்றாண்டில் உடற்கூற்றுக்காரர்கள் சுரப்பியைப் படம் போட்டார்கள். 1761இல் இத்தாலியின் மோர்காக்னி அது வீங்கி வழியை அடைப்பதைப் பிணப் பரிசோதனைகளிலிருந்து விவரித்தார். வைத்தியம் என்னவோ வெள்ளிக் குழாயும் ரப்பர்க் குழாயும்தான். வயதான கனவான்கள் கைத்தடிக்குள்ளும் தொப்பிக்குள்ளும் குழாயை மறைத்து வைத்துக்கொண்டு, வேளாவேளைக்குத் தாங்களே செருகிக்கொள்வார்கள். கொதிக்க வைக்க வேண்டும் என்ற அறிவு அந்தக் காலத்தில் கிடையாது. குழாய் வாழ்க்கை தொடங்கியவர்கள் பெரும்பாலும் சில வருஷங்களில் கிருமி ஏறிச் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள்.

இங்கேதான் நம் தேசத்துத் தொடர்பு வருகிறது. பீட்டர் ஃப்ரேயர் என்று ஒரு ஐரிஷ்காரர். கால்வேயில் படித்துவிட்டு 1875இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து வட இந்தியாவில் இருபது வருஷம் போல இருந்தார். அந்தப் பக்கத்தில் மூத்திரப்பைக் கல் ஊருக்கு ஊர் இருந்த வியாதி. வயிற்றைக் கிழிக்காமல் உள்ளேயே கல்லை நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் முறையில் அவர் கை தேர்ந்தவர் ஆனார். ராம்பூர் நவாபுக்குக் கல்லெடுத்ததற்கு ஒரு லட்சம் ரூபாய் சன்மானம் கிடைத்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு இவ்வளவு வாங்கலாமா என்று மேலிடத்தோடு பெரிய தகராறு. அவர் பணத்தை விட்டுக்கொடுக்கிற ஆசாமி இல்லை.

பணி ஓய்வு பெற்று லண்டன் போய், கல் நோய்க்கென்றே இருந்த செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். 1900 டிசம்பர் 1ஆம் தேதி, பல வருஷம் குழாயை நம்பியிருந்த 69 வயதுக்காரர் ஒருவருக்கு அடிவயிற்றைத் திறந்து, மூத்திரப்பை வழியாக விரலை விட்டு, இன்னொரு கையின் விரலால் மலக்குடல் வழியாக மேலே தள்ளிக்கொடுத்து, சடையிலிருந்து பலாச்சுளையைப் பிடுங்குவது போல வீங்கிய சுரப்பியைத் தோண்டி எடுத்துவிட்டார். ஆள் பிழைத்தார், தானாகவே சிறுநீர் கழித்தார். 1901இல் நான்கு பேரின் விவரத்தை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தவர்களில் நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லரும் ஒருவர். "இதை நான் 1890களிலேயே செய்தாயிற்றே" என்று அவர் சண்டைக்கு வந்தார். அவர் சொன்னது வாஸ்தவம். சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டேன் என்று ஃப்ரேயர் சொன்னதும் தவறு. வெளி ஓடு உள்ளேயே தங்கிவிடுகிறது, உள்ளே வளர்ந்த சதைதான் வருகிறது. ஆனாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழவர்களுக்கு அதைச் செய்து, இது பிழைக்கக்கூடிய ஆபரேஷன் என்று நிரூபித்த பெருமை ஃப்ரேயருடையது. பேரும் அவருக்கே நின்றுவிட்டது. யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதும் யார் பேர் நிலைத்தது என்பதும் வேறு வேறு என்று சரித்திர வகுப்பில் கேட்டதுதானே.

அதே காலத்தில் பிலடெல்பியாவில் வில்லியம் ஒயிட் என்பவர் சுருக்கு வழி ஒன்று சொன்னார். விரையை எடுத்துவிட்டால் சுரப்பி சுருங்கும் என்றார். கொஞ்ச நாள் அது ஃபேஷனாகவும் இருந்தது. கொடுமைதான், ஆனால் அந்த யோசனைக்குள் ஒரு உண்மை ஒளிந்திருந்தது. 1974இல் டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்தது. அங்கே சில ஆண் குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாகத் தெரிந்தார்கள். ஆண் ஹார்மோனை இன்னும் வீரியமான வடிவமாக மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குக் குறைவு. அவர்களுக்குப் புராஸ்டேட் வளரவே இல்லை. அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. 1992இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒயிட் கத்தியால் செய்ததை மாத்திரை பாதியளவுக்குச் சாதுவாகச் செய்கிறது.

கத்தியின் கதையும் நிற்கவில்லை. 1945இல் இன்னொரு ஐரிஷ்காரர், டெரன்ஸ் மில்லின், மூத்திரப்பையைத் திறக்காமல் அடிவயிற்றின் முன்னெலும்புக்குப் பின்னால் சென்று எடுக்கும் வழியைக் காட்டினார். அதற்கு முன்பே 1926இல் அமெரிக்காவில் ஸ்டெர்ன், பிறகு மெக்கார்த்தி, சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டு மின்கம்பியால் சதையைச் சீவி எடுக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஹரால்ட் ஹாப்கின்ஸ் கண்டுபிடித்த கண்ணாடித் தண்டு லென்ஸ் 1960களில் வந்தபின் உள்ளே வெளிச்சமும் தெளிவும் கூடி, டி.யூ.ஆர்.பி. என்ற அந்த ஆபரேஷன் உலகெங்கும் பரவியது. இப்போது லேசர். ஆனால் இன்றைக்கும் எந்தப் புது முறை வந்தாலும் டி.யூ.ஆர்.பி.யோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள்.

நம் பக்கத்தில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி 1664இல் கோட்டைக்குள் தொடங்கியது, மெடிக்கல் ஸ்கூல் 1835இல். ஆனால் சிறுநீர் இயலைத் தனித் துறையாக வளர்த்த தலைமுறை சுதந்திரத்துக்குப் பிறகுதான். சென்னையில் பேராசிரியர் ஏ. வேணுகோபால், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் எச். எஸ். பட் ஆகிய பேர்களை இன்றைக்கும் யூராலஜிஸ்டுகள் மரியாதையோடுதான் சொல்வார்கள்.

வேலூர் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் வராமல் இராது. தந்தை பெரியார் தம் கடைசி வருஷங்களில் சிறுநீர் இயல்பாக இறங்காமல் குழாயோடும் அதற்கான கலத்தோடும் ஊர் ஊராகப் போனார். மறைக்கவில்லை. மேடையில் பக்கத்தில் அது இருக்கும், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். 1973 டிசம்பர் 19ஆம் தேதி தியாகராய நகர்க் கூட்டம்தான் கடைசி. நடுநடுவே வலியால் முனகுவது ஒலிப்பதிவில் கேட்கிறது. மறுநாள் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி, பிறகு வேலூர். 24ஆம் தேதி 94ஆவது வயதில் காலமானார். அவர் கொள்கையில் நம்மில் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். ஆனால் பொதுவாழ்வில் இருந்த ஒரு மனிதர் தம் மூத்திரக் குழாயைப் பற்றி வெட்கப்படாமல் இருந்தது இந்த ஊரில் பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தில் பிரதமர் மேக்மில்லன் 1963 அக்டோபரில் திடீரென்று நீரடைப்பு வந்து பதவியையே விட்டார். விஷயம் புற்றுநோய் என்று பயந்துவிட்டதாகச் சொல்வார்கள். அது வெறும் வீக்கம்தான். அதற்குப் பிறகு 23 வருஷம் இருந்து 1986இல் 92 வயதில்தான் போனார். 2024 ஜனவரியில் மன்னர் சார்லஸ் தமக்குப் புராஸ்டேட் வீக்கம், சிகிச்சைக்குப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். அறுபது வருஷத்தில் இவ்வளவு முன்னேற்றம்.

தாம்பரத்துக்கு வருவோம். நம் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்தபோது இது காசநோயாளிகளின் ஊர் என்றே பேர். டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தை அதே 1937இல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நல்ல காற்றுக்காக வந்த ஊர். அந்தக் காற்றோடு கூட 1931 முதல் மின்சார ரயிலும் இருந்தது, பீச்சிலிருந்து தாம்பரம் வரை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த ரயிலில்தான் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று குடியேறிய குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் முப்பது நாற்பது வருஷம் போய் வந்தார்கள். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்தது, கழிப்பறை வரவில்லை. வாலிபத்தில் இது ஒரு விஷயமே இல்லை. அறுபதுக்கு மேல் இதுவே வாழ்க்கையின் எல்லையைத் தீர்மானிக்கிறது. எத்தனை பேர் கச்சேரிக்குப் போவதை நிறுத்தினார்கள், மகன் வீட்டுக்குப் போவதைக் குறைத்தார்கள், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்பி மாம்பலத்தில் மயங்கினார்கள்! "எதுக்குப்பா வெளியே போகணும், டிவியிலேயே பாத்துக்கலாம்"னு சொல்கிறவரின் உண்மையான காரணம் பல வீடுகளில் மனைவிக்குக்கூடத் தெரியாது.

எங்கள் விடுதி நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், படித்துவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். ராத்திரி நாலைந்து முறை எழுந்திருப்பதை 'வயசுதானே' என்று நாலு வருஷம் ஓட்டினார். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் ஜலதோஷம். மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை போட்டார். மூக்கு ஒழுகுவது நின்றது, கூடவே மூத்திரமும் நின்றது. விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோவில் துடித்துக்கொண்டு போய்க் குழாய் போட்டதில் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. பையை வேட்டிக்குள் கட்டிக்கொண்டுதான் கன்னிகாதானம் செய்தார். அந்த மாத்திரையில் அப்படி என்ன இருந்தது? மூக்கடைப்பை நீக்கும் மருந்து மூத்திரப்பை வாயின் தசையை இறுக்குகிறது. ஜலதோஷ அலர்ஜி மருந்துகளில் பல மூத்திரப்பை சுருங்கும் சக்தியைக் குறைக்கின்றன. இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். சுரப்பி வீங்கியவர்கள் கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

அவரைவிடக் கவலைக்குரியவர் வலியே இல்லாமல் அடைப்பு முற்றுகிறவர். மூத்திரப்பை கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து, சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருக்கும். 'போகுதே' என்று இருந்துவிடுவார். பின்னால் தேங்கிய நீர் சிறுநீரகத்தை அழுத்திக் கெடுத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும். இன்னொரு ஆபத்து ராத்திரி. இருட்டில் அரைத்தூக்கத்தில் எழுந்து ஈரமான பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிகிறது.

வைத்தியம் இன்றைக்கு மூன்று படி. தொல்லை சொற்பம் என்றால் பழக்கத்தை மாற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது படி மாத்திரை. டாம்சுலோசின் வகை குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே தெரியும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், அதனால் ராத்திரி படுக்கும்முன் தருவார்கள். இதைச் சாப்பிடுகிறவர்கள் கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்பாவை தளர்ந்து ஆபரேஷனில் சிக்கல் வரும் என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். நம் வயதில் இரண்டும் ஒன்றாகத்தானே வருகிறது. ஃபினாஸ்டிரைடு வகை சுரப்பியையே நாலில் ஒரு பங்கு சுருக்கும். ஆனால் ஆறு மாதம் பொறுமை வேண்டும், சிலருக்கு ஆண்மைக் குறைவும் வரும். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவை இது பாதியாகக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 2003இல் அமெரிக்காவில் 3,000 பேரை வைத்து வெளிவந்த ஆராய்ச்சியில், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு வியாதி முற்றும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மூன்றாவது படி ஆபரேஷன். முழு அடைப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, கல், ரத்தம், சிறுநீரகக் கோளாறு வந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. விந்து வெளியே வராமல் உள்நோக்கிப் போய்விடும் என்பது பொதுவான விளைவு. ஆண்மை போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண்.

"வீக்கம்தான் கேன்சராகிறது" என்று வாக்கிங் போகிற இடத்தில் சொல்வார்கள். இல்லை. இரண்டும் வேறு. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம் என்பதால்தான் பரிசோதனை.

சாப்பாட்டு விஷயத்தில் நான் கேட்ட உபதேசங்களைத் தொகுத்தால் தனி மலர் போடலாம். பூசணி விதை, வாழைத்தண்டு, பார்லிக் கஞ்சி, தக்காளி. சாப்பிடுங்கள், நல்லதுதான், சுரப்பி சுருங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேல்நாட்டில் பிரபலமான சா பால்மெட்டோ என்ற பனை வகைக் காயின் சத்தை 2006லும், மூன்று மடங்கு அளவு வரை கொடுத்து 2011லும் சோதித்தார்கள். வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நிஜமாகப் பலன் தருவது ருசியில்லாத சமாச்சாரங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் காபி, டீ வேண்டாம், தண்ணீரைப் பகலிலேயே குடித்து முடிக்க வேண்டும். மது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். மலச்சிக்கல் இருந்தால் மலக்குடல் முன்னால் அழுத்தும், ஆகவே கீரை, காய், பழம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் சுரப்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. நடையும் தொப்பைக் குறைப்பும் உதவுகின்றன. போனதும் உடனே திரும்பாமல் ஒரு நிமிஷம் நின்று இன்னொரு முறை முயன்றால் மிச்சமும் வரும். பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எந்த வேளையில் போடுவது என்று டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடுகிறது.

சித்த வைத்தியத்தை விரும்புகிறவர்களுக்கு வசதி, நம் சானடோரியம் ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். 2005இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. விளம்பரம் பார்த்து லேகியம் வாங்குவதைவிட அங்கே வரிசையில் நிற்பது மேல். எதற்கும் ஒரு ஸ்கேனும் சிறுநீர் கழித்தபின் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கும் எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு பக்கத்து டாக்டரிடமும் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது டாக்டர்கள் கேட்கும் ஏழு கேள்விகள். 1992இல் அமெரிக்க யூராலஜி சங்கம் வகுத்தது. முழுவதும் போகாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, நின்று நின்று வருவது, அடக்க முடியாமை, மெலிந்த தாரை, முக்கிப் போவது, ராத்திரி எத்தனை முறை எழுவது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மார்க், மொத்தம் 35. ஏழு வரை லேசு, எட்டு முதல் பத்தொன்பது வரை நடுத்தரம், இருபதுக்கு மேல் கடுமை. நம் காலத்தில் 35 மார்க் வாங்கினால்தான் பாஸ். இந்தப் பரீட்சையில் அது தலைகீழ்.